துணைக்கருவிகளைச் சோதித்து வாங்குதல்: ராயப்பேட்டையில் ஒரு மாலை

18-55 கிட் லென்ஸோடு ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கி நாலைந்து மாதம் படமெடுத்தவருக்கு, அடுத்து என்ன வாங்கலாம் என்ற யோசனை தானாக வந்துவிடும். ஃபில்டர், ட்ரைபாட், ஃபிளாஷ், இன்னொரு லென்ஸ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான். உங்கள் படத்தில் நீங்களே கண்ட ஒரு குறையைத் தீர்க்காத எந்தப் பொருளையும் வாங்காதீர்கள். அந்தக் குறை எதனால் வருகிறது என்று தெரிய வேண்டுமானால், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் நின்று, ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி எடுத்துப் பார்க்க வேண்டும். லென்ஸையும் மாற்றி, ஐஎஸ்ஓவையும் மாற்றி, நின்ற இடத்தையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்கு இது நல்ல காலம். கேனான் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 ஆகிய இரண்டும் 2020-இல் வெளிவந்தன. அதன் பிறகு இரு நிறுவனங்களும் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. தொழில்முறைக் கலைஞர்கள் பலர் பழைய லென்ஸ்களை விற்றுவிட்டு மாறுகிறார்கள். நேற்றுவரை எட்டாத லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் கைக்கெட்டும் விலைக்கு வருகின்றன. ஆனால் செகண்ட் ஹேண்ட் பொருளுக்கு நீங்கள்தான் பரிசோதகர். அதனால் சோதிக்கத் தெரிந்திருப்பது முன்னைவிட இப்போது அவசியம்.

ராயப்பேட்டையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், ஒரு மாலைப் பொழுதில் நடந்தே முடிக்கக்கூடிய தூரத்துக்குள் எல்லா வகை வெளிச்சமும் இங்கே இருக்கிறது. ஜாம் பஜாரின் தார்ப்பாய் நிழல், ஒயிட்ஸ் சாலையின் கண்ணாடிச் சுவர்கள், மணிக்கூண்டைச் சுற்றி ஓடும் வாகன விளக்குகள், டியூப் லைட் எரியும் சிறு கடைகள், பக்கத்திலேயே எல்லிஸ் சாலையின் கேமரா கடைகள். நீங்கள் மதுரையிலோ கோவையிலோ இருந்தால் இதே வரிசையில் உங்கள் ஊர்க் கடைவீதியில் செய்து பாருங்கள்.

புறப்படும் முன் வீட்டில்

கேமராவில் ரா, ஜேபெக் இரண்டும் சேர்ந்து பதிவாகும்படி வையுங்கள். கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங் என்று ஒன்று இருக்கும். இருட்டான பகுதிகளை உங்களைக் கேட்காமலே வெளுப்பாக்குவது அதன் வேலை. சோதனை முடியும்வரை அதை அணைத்து வையுங்கள்.

அடுத்தது லென்ஸ். இதற்கென்று விற்கும் சோதனை அட்டை எதுவும் வேண்டாம். நாளிதழின் வரி விளம்பரப் பக்கம் ஒன்றை விரித்துச் சுருக்கமில்லாமல் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை ட்ரைபாடிலோ, உயரம் சரிப்படுத்திய புத்தக அடுக்கின் மேலோ வைத்து, சுவருக்கு நேராகப் பார்க்க வையுங்கள். சட்டத்தின் நான்கு மூலையிலும் அச்செழுத்து நிற்க வேண்டும். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து ஒன்று, எஃப் 5.6, எஃப் 8, எஃப் 16, எஃப் 22 என்று ஒவ்வொன்றாக எடுங்கள். கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி ‘ண’, ‘ஞ’, ‘ணை’ வரும் இடங்களைப் பாருங்கள். நல்ல கூர்மை இருந்தால் சுழிகளுக்குள் வெள்ளைத் தாள் தெரியும். கூர்மை குறைந்தால் முதலில் அந்தச் சுழிகள்தாம் மை அப்பியதுபோல் அடைபடும். எஃப் 8-இல் மூலைகூடத் தெளிவாகவும், எஃப் 22-இல் பக்கம் முழுதும் சற்று மங்கலாகவும் வருவதைப் பார்ப்பீர்கள். சின்னத் துளையில் ஒளி விளிம்பில் பட்டு விரிவதால் வருவது அது, லென்ஸின் பழுது அன்று. மூன்று மூலை தெளிந்து ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால், கேமரா நேராக இருந்ததா என்று இன்னொரு முறை சரிபாருங்கள். மீண்டும் அப்படியே வந்தால் அந்த லென்ஸின் உள் கண்ணாடி இடம் பிசகியிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இதே பக்கத்தை வைத்து இன்னொன்றும் பார்த்துவிடலாம். வியூஃபைண்டரில் பார்த்து ஃபோகஸ் செய்து ஒரு படம், லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து ஒரு படம், இரண்டையும் திறந்த அப்பர்ச்சரில் எடுங்கள். டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் ஃபோகஸைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தனிச் சென்சார் கவனிக்கிறது. லைவ் வியூவில் படம் பதியும் சென்சாரே பார்த்துச் சொல்கிறது. லைவ் வியூ படம் கூர்மையாக, வியூஃபைண்டர் படம் மட்டும் தொடர்ந்து மங்கலாக வந்தால் இரண்டு சென்சார்களும் ஒத்துப் போகவில்லை என்று பொருள். கேனான் 80டி, 90டி, நிக்கான் டி7200, டி7500 போன்றவற்றில் மெனுவிலேயே அதைச் சரிசெய்யலாம். 1500டி, 200டி, டி5600 வகைகளில் அந்த வசதி இல்லை. கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். பலர் இது தெரியாமல் தங்கள் கை நடுங்குவதாக நினைத்துப் புது லென்ஸ் வாங்குகிறார்கள்.

சென்சாரில் தூசி இருக்கிறதா என்பதற்கு எஃப் 22-இல் வெறும் வானத்தை ஃபோகஸ் இல்லாமல் எடுத்தால் போதும். சாம்பல் நிறப் புள்ளிகள் ஒரே இடத்தில் நின்றால் தூசி.

ஜாம் பஜார்: மாலை நாலரை மணி

பாரதி சாலையை ஒட்டிய ஜாம் பஜாரில் துணைக்கருவி எதையும் எடுக்காதீர்கள். இங்கே செட்டிங் மட்டும்தான். “அக்கா, உங்க கடையை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுங்கள். வியாபார நேரத்தில் வழியை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

நீலத் தார்ப்பாயின் கீழே அடுக்கிய தக்காளியை ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் எடுங்கள். கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்த பழம் படத்தில் பழுப்பும் ஊதாவும் கலந்து சோர்ந்துபோய் வரும். தார்ப்பாய் வழியே இறங்கும் நீலத்தை நம் மூளை கழித்துவிடுகிறது, கேமராவின் ஆட்டோவுக்கு அது எப்போதும் கைவருவதில்லை. இப்போது ஒரு வெள்ளைத் தாளைத் தக்காளிக்கு மேலே, அதே வெளிச்சம் விழும்படி பிடித்து, சட்டம் நிறைய ஒரு படம் எடுங்கள். கேனானில் அந்தப் படத்தைக் கஸ்டம் ஒயிட் பேலன்ஸுக்குத் தேர்ந்தெடுங்கள். நிக்கானில் பிரீசெட் மேனுவல் என்று இருக்கும். அதன் பிறகு எடுக்கும் தக்காளி தக்காளியாக இருக்கும். ராவில் எடுத்தால் இதைப் பின்னால் கணினியிலும் சரிசெய்யலாம்தான். ஆனாலும் இடத்திலேயே சரியான நிறத்தைப் பார்த்துவிட்டால் அடுத்தடுத்த படங்களை யோசிக்கும் விதமே மாறிவிடும்.

அடுத்து எக்ஸ்போஷர். சட்டம் முழுக்கக் கத்தரிக்காய் நிறையும்படி ஒன்று, முள்ளங்கியோ காலிஃபிளவரோ நிறையும்படி ஒன்று எடுங்கள். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கத்தரிக்காய் வெளுத்துப் போகும், முள்ளங்கி அழுக்கேறியதுபோல் இருக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் கத்தரிக்காய்க்கு மைனஸ் 1, முள்ளங்கிக்குப் பிளஸ் 1 வைத்துப் பாருங்கள். கல்யாணத்தில் வெள்ளை வேட்டி சட்டைக் கூட்டத்தை எடுக்கும்போதும், கோயிலில் கருங்கல் தூணை எடுக்கும்போதும் கைகொடுப்பது இந்தப் பழக்கம். நான் சொல்லித் தரும் எல்லாவற்றிலும் காசு செலவில்லாமல் படத்தை அதிகம் மாற்றுவது இதுதான்.

வெளிச்சம் இறங்க இறங்க 50 மிமீ எஃப் 1.8 லென்ஸைப் பற்றி யோசிக்கலாம். கிட் லென்ஸ் 50 மிமீ அருகே எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 3200 கேட்கும் இடத்தில் இதற்கு 320 போதும். ஆனால் ஜூம் கிடையாது. 1.6 கிராப் உள்ள கேனானில் அது 80 மிமீ அளவு குறுகிய பார்வையைத் தரும், நிக்கானில் 75. சின்னக் கடைக்குள் பின்னால் போக இடமில்லாமல் முதுகு சுவரில் இடிக்கும். வாங்குவதற்கு முன் கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 50-இல் நிறுத்தி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, அன்றைய மாலை முழுவதும் அதிலேயே எடுங்கள். மூச்சு முட்டினால் உங்களுக்கு வேண்டியது 35 அல்லது 24. இன்னொரு எச்சரிக்கை: எஃப் 1.8-இல் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் முகத்தில் ஃபோகஸ் நிற்கும் ஆழம் சுமார் 6 செமீ. கண் தெளியும், காது கலங்கும். நிக்கான் டி3000, டி5000 வரிசைக்காரர்கள் பழைய ஏஎஃப்-டி லென்ஸை மலிவு என்று வாங்கிவிடக் கூடாது. அந்தக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை, கையால்தான் திருப்ப வேண்டும்.

மணிக்கூண்டு: சூரியன் சாயும் நேரம்

ராயப்பேட்டை மணிக்கூண்டு 1930-களில் கட்டப்பட்டது. நான்கு பக்கமும் கடிகாரம் வைத்த தனிக்கோபுரம், ஆர்ட் டெக்கோ பாணி. கோடும் கோணமுமான அதன் வடிவம் சோதனைக்கு வாகானது. நேர்கோடு வளைகிறதா, விளிம்பில் நிறம் பிசிறுகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

இங்கே முதலில் போலரைசர் ஃபில்டர். வானத்தின் ஒளி சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் அதிகம் ஒழுங்குபட்டிருக்கும். மாலையில் சூரியன் மேற்கே இருப்பதால், கோபுரத்துக்குத் தெற்கே நின்று வடக்கு நோக்கியோ, வடக்கே நின்று தெற்கு நோக்கியோ எடுங்கள். ஃபில்டரை மெல்லத் திருப்பினால் வானம் கறுத்து வருவது வியூஃபைண்டரிலேயே தெரியும். மேற்கையோ கிழக்கையோ பார்த்துத் திருப்பினால் அநேகமாக ஒன்றும் நடக்காது. ஃபில்டர் போலி என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். சென்னையில் ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். அந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிவானம் கறுக்கும். 18 மிமீயில் எடுத்தால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும், அப்போது ஃபில்டரைக் கழற்றிவிடுவது மேல்.

என் கணக்கில் போலரைசரின் பெரிய பயன் வானத்தில் இல்லை. ஒயிட்ஸ் சாலையில் நிற்கும் கார்களின் முன்கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்துத் திருப்புங்கள். பிரதிபலிப்பு விலகி உள்ளே ஸ்டியரிங் தெரியும். எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலின் கண்ணாடிச் சுவரிலும், மழைக்குப் பின் ஈரச் சாலையிலும், இலைகளின் மினுமினுப்பிலும் அதே வேலையைச் செய்யும். உலோகத்தில் செய்யாது. விலையாக ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை எடுத்துக்கொள்ளும், அதனால் வெளிச்சம் குறைந்ததும் கழற்றிவிடுங்கள். வாங்கும் முன் லென்ஸின் வாயளவு பாருங்கள். கேனான் 18-55-க்கு 58 மிமீ, நிக்கான் ஏஎஃப்-பி 18-55-க்கு 55 மிமீ, கேனான் 50 எஸ்டிஎம்முக்கு 49 மிமீ. பெரிய அளவில் ஒரே ஃபில்டர் வாங்கி, ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொண்டால் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

சென்னையில் சூரிய மறைவு ஆண்டு முழுதும் மாலை 5.40-க்கும் 6.40-க்கும் இடையில்தான். அதன் பிறகு வானம் கருநீலமாக நிற்பது ஏறத்தாழ இருபது நிமிடம். ட்ரைபாடைச் சோதிக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. நடைபாதையில் போவோர் வருவோருக்கு இடம் விட்டு நிறுத்துங்கள். தடித்த மேல் கால்களை முதலில் நீட்டுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, நான்கு முதல் எட்டு விநாடி. லென்ஸின் ஐஎஸ் அல்லது விஆரை அணையுங்கள். லைவ் வியூவில் கடிகார முகத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் பிடித்து, உடனே மேனுவலுக்கு மாற்றுங்கள். இரண்டு விநாடி டைமர் இருந்தால் ரிமோட் தேவையில்லை. ஐபீஸைத் துணியால் மூடுங்கள். பின்பக்கத்திலிருந்து கடை விளக்கு உள்ளே புகுந்து மீட்டரைக் குழப்புவது டிஎஸ்எல்ஆரில் உண்டு.

இப்போது அதே சட்டத்தில் 1/8 விநாடிக்கு வந்து, கண்ணாடியை முன்கூட்டித் தூக்கும் மிரர் லாக்-அப் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. கடிகார எண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1/15-க்கும் அரை விநாடிக்கும் இடையில்தான் கண்ணாடியின் அதிர்வு படத்தில் அதிகம் தெரியும். இரண்டு படமும் ஒன்றுபோல் இருந்தால் உங்கள் ட்ரைபாட் போதுமானது, மேற்கொண்டு செலவழிக்க வேண்டாம். பேருந்து கடக்கும்போது மட்டும் ஆடினால் அது தரையின் அதிர்வு, எந்த விலை ட்ரைபாடாலும் முழுக்கத் தீராது. பேருந்து போனபின் எடுங்கள்.

கிளம்பும் முன் யுவி ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். ஒரு தெருவிளக்கைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்து ஃபில்டரோடு ஒன்று, கழற்றி ஒன்று. மலிவான ஃபில்டரில் விளக்குக்கு நேர் எதிர்ப்புறம் பச்சையாக ஒரு புள்ளி மிதக்கும். ‘லென்ஸைப் பாதுகாக்கும்’ என்று கடையில் தலையில் கட்டுவார்கள். லென்ஸ் ஹுட் அதைவிட நன்றாகப் பாதுகாக்கும், படத்தையும் கெடுக்காது.

டியூப் லைட்டும் ஃபிளாஷும்

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் பல எல்இடிகளும் விநாடிக்கு 100 முறை மங்கித் தெளியும். ஒரு டீக்கடை முன் நின்று 1/500-இல் தொடர்ந்து ஐந்தாறு படம் எடுங்கள். ஒன்று மஞ்சளாக, ஒன்று இருட்டாக, ஒன்றில் குறுக்கே பட்டை என்று விதவிதமாக வரும். 1/100 அல்லது 1/50-க்கு வாருங்கள், எல்லாம் ஒன்றுபோல் நிற்கும். கல்யாண மண்டபத்தில் படம் எடுக்கப் போகிறவர் இதை மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டும்.

ஃபிளாஷ் வாங்கும்முன் கேனான்காரர்கள் கேமராவின் தலையில் உள்ள ஹாட் ஷூவைக் குனிந்து பாருங்கள். 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் நடுவில் இருக்க வேண்டிய பெரிய உலோகப் புள்ளி கிடையாது. பொதுவாக விற்கும் ஒற்றைப் புள்ளி ஃபிளாஷும் டிரிகரும் அந்தப் புள்ளியைத்தான் நம்பியிருப்பவை, அவை இவற்றில் எரியாது. கேனானுக்கென்றே செய்த டிடிஎல் வகை வேண்டும், அதையும் உங்கள் கேமராவிலேயே மாட்டி எரியவிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சோதனை எளிது. நண்பர் ஒருவரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் நிறுத்துங்கள். நேராக அடித்து ஒன்று, ஃபிளாஷ் தலையை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் மோதவிட்டு ஒன்று. முதல் படத்தில் பின்சுவரில் கரிய நிழலும் நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பும் இருக்கும். இரண்டாவதில் இரண்டும் இருக்காது. கூரை பச்சையோ ரோஸோ பூசியிருந்தால் அந்த நிறம் முகத்தில் இறங்கும், அதையும் பார்த்து வையுங்கள். ஷட்டர் 1/200-க்கு மேல் போனால் கீழே கருப்புப் பட்டை விழும், ஹை ஸ்பீட் சிங்க் இருந்தாலொழிய.

எல்லிஸ் சாலைக் கடைகளில்

இங்கே மட்டும் இன்னொரு நாள், கூட்டம் குறைவான முற்பகலில் போங்கள். உங்கள் கேமரா, சார்ஜ் ஏற்றிய பேட்டரி, காலி கார்டு மூன்றையும் கொண்டு போங்கள். “பாய், என் பாடியிலயே ஒருவாட்டி மாட்டிப் பாத்துக்கட்டுமா?” என்றால் பெரும்பாலான கடைகளில் தாராளமாகக் கொடுப்பார்கள். கொடுக்காத இடத்தில் செகண்ட் ஹேண்ட் வாங்காதீர்கள். செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்புறமிருந்து அடித்து முன்பக்கமாகப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி வலை மாதிரிக் கிளை விட்டிருப்பது தெரியும். தூசி இரண்டொன்று இருந்தால் பரவாயில்லை. பூஞ்சை வேண்டவே வேண்டாம். வாங்க மனமில்லாமல் தயங்கினால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். சினிமா வேலை நடக்கும் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக் கடைகள் உண்டு, அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். வார இறுதியில் சென்னையில் நடக்கும் புகைப்பட நடைகளுக்குப் போனால் அடுத்தவர் லென்ஸை இரண்டு நிமிடம் மாட்டிப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும். தயங்காமல் கேளுங்கள்.

மெமரி கார்டில் போலிகள் அதிகம். 128 ஜிபி என்று அச்சிட்ட கார்டுக்குள் பாதிகூட இருக்காது, ஆனால் கணினி 128 என்றே காட்டும். வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் கார்டை முழுக்க நிரப்பித் திருப்பிப் படித்துப் பாருங்கள். பில் கையில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

ஈரக்காற்று

மால், திரையரங்கு போன்ற ஏசி இடத்திலிருந்து வெளியே வந்ததும் கேமராவை எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் சென்னைக் காற்றின் ஈரம் படிந்து வேர்க்கும். உள்ளே இருக்கும்போதே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து இருபது நிமிடமாவது கழித்துத் திறங்கள், ஈரம் கவரின் மேல் படிந்துபோகும். மெட்ரோ பணியும் கட்டட வேலையும் நடக்கும் தெருவில் லென்ஸை மாற்றுவதானால், கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்து, முதுகைக் காற்றுக்குக் காட்டி மாற்றுங்கள்.

வீட்டில் கேமரா பையைக் கேமரா வைக்கும் இடமாக்கிவிடாதீர்கள். பையின் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூஞ்சைக்கு அதுதான் வேண்டும். ரப்பர் விளிம்புள்ள ஒரு பெரிய சமையலறை டப்பா, அதில் நீலம் அல்லது ஆரஞ்சு நிறச் சிலிகா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்கட்டும். அதற்கும் கீழே போனால் லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸும் ரப்பரும் உலரத் தொடங்கும். ஜெல்லின் நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து, ஆறவிட்டு மறுபடி போடுங்கள். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள், நீலச் சிலிகா ஜெல்லில் நிறத்துக்காகச் சேர்க்கும் கோபால்ட் நச்சுப்பொருள்.